கேள்வி – பதில்: விருதுக்கு எட்டாத நடிப்பு, காதை விட்டுப் போகாத பாட்டு

மதுரை வாசகர்: சிவாஜிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒருமுறைகூடத் தரப்படவில்லை. டெல்லி அரசியல்தானே காரணம்?

அரசியலே இல்லை என்று யாரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் டெல்லியைத் திட்டுவதற்கு முன் காலண்டரைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். தேசிய விருதுகள் 1954-ல் தொடங்கியபோது படங்களுக்கு மட்டும்தான் விருது. நடிகர், நடிகை விருதுகள் 1967-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தன. முதலில் வாங்கியவர்கள் உத்தம் குமாரும் நர்கிஸும். 'பராசக்தி' (1952), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'பாசமலர்' (1961), 'கர்ணன்' (1964), 'திருவிளையாடல்' (1965) எல்லாம் வந்த காலத்தில் நடிப்புக்கென்று பரிசே கிடையாது. கட்டபொம்மனுக்கு 1960-ல் கெய்ரோவின் ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது, இசைக்காக ஜி.ராமநாதனுக்கும் அங்கே விருது உண்டு. கெய்ரோவில் நடிப்புக்குப் பரிசு இருந்தது, டெல்லியில் இல்லை. 'ரத்தக்கண்ணீர்' எம்.ஆர்.ராதா, 'காதலிக்க நேரமில்லை' டி.எஸ்.பாலையா இருவரும் இதே கணக்கில்தான் தப்பிப்போனார்கள்.

உங்கள் கோபத்துக்கு நியாயம் 1967-க்குப் பிறகுதான் தொடங்குகிறது. 'தில்லானா மோகனாம்பாள்', 'வியட்நாம் வீடு', 'கௌரவம்', 'முதல் மரியாதை' எல்லாமே அந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம். தமிழில் நடித்து முதலில் அந்த விருதை வாங்கியவர் எம்.ஜி.ஆர்., 1971-ன் 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக. சிவாஜிக்குத் தந்தது 1992-ன் 'தேவர் மகன்' படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது. சிறந்த நடிகரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, பெரியவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று தருவது அது.

தேனி வாசகி: 1985-ல் 'முதல் மரியாதை'க்குக் கிடைக்காத நடிப்பு விருது சஷி கபூருக்குப் போனது சரியா?

'நியூ டெல்லி டைம்ஸ்' பத்திரிகையாசிரியராக சஷி கபூர் செய்தது நல்ல வேலை. அவரைக் குறைத்துப் பேசி சிவாஜியை உயர்த்த வேண்டியதில்லை. ஆனால் இரண்டில் எது கடினம் என்று கேட்டால் என் ஓட்டு 'முதல் மரியாதை' பெரியவருக்கே. முப்பது வருடமாகக் குரலை ஏற்றி, கண்ணை உருட்டி, கடைசி வரிசைக்கும் போய்ச் சேரும்படி நடித்துப் பழகிய உடம்பு, இந்தப் படத்தில் அத்தனையையும் கழற்றி வைத்திருக்கிறது. இளவட்டக்கல்லைத் தூக்கும் இடத்தை மட்டும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். படப்பிடிப்புக் கல் எந்த எடையோ, அந்த எடையைக் காட்ட வேண்டியது உடம்புதான். முகத்தைச் சுளிப்பது சுலபம். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். கால் அகலம், இடுப்பு இறங்கும் விதம், மூச்சை எங்கே அடக்குகிறார், எங்கே விடுகிறார் என்று கவனியுங்கள். வயசாளி தூக்குகிறான் என்பதும், தூக்கிக் காட்ட ஆசைப்படுகிறான் என்பதும் இரண்டு தனிச் செய்திகள். இரண்டும் ஒரே உடம்பில் தெரியும்.

அந்தப் படத்தில் தவறவிடப்பட்டவர் அவர் மட்டுமில்லை. நாக்கில் தேளை வைத்துக்கொண்டு திரியும் பொன்னாத்தாவாக வடிவுக்கரசி. வெறுக்கப்பட வேண்டிய பாத்திரத்தை, நடிகை தன் மேல் இரக்கம் தேடாமல், பூசி மெழுகாமல் செய்வது அபூர்வம். குயிலாக நடித்த ராதாவுக்கு ஒரு சிக்கல்: உருவம் அவருடையது, குரல் ராதிகாவுடையது. சிவாஜிக்கு இத்தனை காலம் டி.எம்.எஸ். பாடியதைக் கேட்டே பழகிய ஊருக்கு மலேசியா வாசுதேவனின் குரலை ஒட்டவைத்ததும் சின்ன வேலை இல்லை. 'பூங்காத்து திரும்புமா'வில் அவர் குரலை எங்கேயும் உயர்த்திக் காட்டமாட்டார். படத்தில் சிவாஜி என்ன செய்கிறாரோ அதையேதான் பாட்டில் இவரும் செய்கிறார். கடைசியில் தேசிய விருது வாங்கியது வைரமுத்துவின் பாடல் வரிகளும், சிறந்த தமிழ்ப் படம் என்ற தகுதியும். அதே ஆண்டு 'சிந்து பைரவி' மூன்று விருதுகளை அள்ளியது: சுஹாசினி, இளையராஜா, சித்ரா. ஒரே வருடத்தில் தமிழுக்கு இவ்வளவு என்றால், இன்னொன்றைத் தூக்கி வேறு மொழிக்குக் கொடுப்பது நடுவர் மேசையில் வழக்கமாக நடக்கிற சங்கதிதான். எழுதப்படாத பங்கீடு.

திருச்சி வாசகர்: இரவல் குரலில் நடித்தவருக்கு நடிப்பு விருது தரலாமா?

தந்திருக்கிறார்கள். 'மணிச்சித்ரதாழ்' படத்துக்காக 1993-ல் ஷோபனா சிறந்த நடிகை; அந்தப் படத்தில் கேட்பது அவர் குரல் இல்லை. நடிப்பில் குரல் பாதி என்பவர்களுக்கு இது உறுத்தும். முகமும் உடம்பும் செய்த வேலை அங்கே அவ்வளவு பெரிது என்பதால் எனக்கு உறுத்தவில்லை. உறுத்துவது வேறு. தமிழ்நாடு அரசு விருதில் பின்னணிக் குரல் கொடுப்பவர்களுக்குத் தனிப்பரிசு உண்டு. தேசிய விருதில் அந்தப் பிரிவே கிடையாது. பாதி வேலை செய்தவர் பெயர் பட்டியலில் எங்கேயும் வராது.

இரவல் குரலா, சொந்தக் குரலா என்று கண்டுபிடிக்க உதட்டைப் பார்க்காதீர்கள். உதட்டசைவை எடிட்டர் சரிசெய்துவிடுவார். தொண்டையையும் மார்பையும் பாருங்கள். சத்தமாகக் கத்தும் வசனத்துக்குக் கழுத்து நரம்பு புடைக்காமல் இருந்தால், அல்லது திரும்பி நின்று பேசும்போதும் குரல் அதே அழுத்தத்தில் வந்தால் சந்தேகப்படலாம். அழும் காட்சியில் இன்னும் சுலபம்: விம்மலுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சை இழுக்கும் சத்தம் வரும், தோள் அசையாது. ஆனால் ஒன்று. தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றில், தன் குரலிலேயே பேசுபவரும் சில மாதம் கழித்து டப்பிங் அறையில் நின்றுதான் பேசுகிறார். அங்கே சொதப்பினால் நல்ல நடிப்பும் தட்டையாகிவிடும். டப்பிங் கலைஞராகப் பல வருடம் உழைத்த எம்.எஸ்.பாஸ்கரின் வசனங்கள் ஏன் அவ்வளவு துல்லியமாக விழுகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சேலம் வாசகர்: 'விசாரணை' 2016 பிப்ரவரியில் வந்த படம். 2016-ம் ஆண்டு விருதுப் பட்டியலில் சமுத்திரக்கனி பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லையே?

ஒரு வருடம் முன்னால் போய்த் தேடுங்கள். தேசிய விருதுக்குத் திரையரங்கில் வந்த தேதி கணக்கில்லை, தணிக்கைச் சான்றிதழின் தேதிதான் கணக்கு. ஜனவரி 1-லிருந்து டிசம்பர் 31-க்குள் சான்றிதழ் வாங்கிய படம் அந்த வருடத்துப் படம். 'விசாரணை' 2015 கணக்கு. 2022 பிப்ரவரியில் வெளியான 'கடைசி விவசாயி'யும் 2021 கணக்கில்தான் சிறந்த தமிழ்ப் படமானது. அதில் நடித்த நல்லாண்டி அய்யாவுக்குச் 'சிறப்புக் குறிப்பு' கிடைத்தது. அது சான்றிதழ் மட்டும். பதக்கமும் பணமும் கிடையாது. அவர் அப்போது உயிரோடும் இல்லை.

கோவை வாசகி: 'பார்க்கிங்' படத்தில் எம்.எஸ்.பாஸ்கர் ஏறக்குறையக் கதாநாயகன். அவருக்கு ஏன் 'துணை நடிகர்'?

படம் இரண்டு பேர் மல்லுக்கட்டும் கதை. ஓய்வை நெருங்கும் அரசு அதிகாரி, கார் நிறுத்தும் இடத்துக்காக வீம்புக்குத் தானும் ஒரு கார் வாங்குகிற அளவுக்குப் போகிறார். திரையில் அவர் பங்கு ஹரிஷ் கல்யாணுக்குக் குறைந்ததில்லை. 2023-ம் ஆண்டு முதன்மை நடிகர் விருது ஷாருக் கானுக்கும் விக்ராந்த் மாஸிக்கும் பகிரப்பட்டது. துணை நடிகர் பிரிவில் பாஸ்கரும் மலையாளத்தின் விஜயராகவனும். எந்தப் பிரிவு என்பதை நிமிடக்கணக்கு முடிவு செய்வதில்லை. போஸ்டரில் யார் பெரிதாக நிற்கிறார் என்பது நடுவர் மண்டையிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு நேரெதிரும் நடந்திருக்கிறது: 'தென்மேற்குப் பருவக்காற்று' அம்மாவாக வந்த சரண்யா 2010-ல் முதன்மை நடிகை விருதையே வாங்கினார், மராத்தி நடிகை ஒருவரோடு பகிர்ந்து. அந்தப் படத்தில் பெரிய நட்சத்திரம் யாரும் அப்போது இல்லை என்பது உதவியிருக்கும். 'ஜெய் பீம்' படத்தின் லிஜோமோள் ஜோஸுக்கு அந்த வசதி இல்லை. கதை செங்கேணியுடையது, போஸ்டர் சூர்யாவுடையது. ராஜாக்கண்ணுவாக வந்த மணிகண்டனும் சேர்த்து, அந்தப் படத்துக்கு ஒரு தேசிய விருதும் வரவில்லை. இந்தப் பட்டியலில் எனக்கு ஆறாத கோபம் இது ஒன்றில்தான்.

துணை நடிகர், நடிகை என்ற பிரிவே 1984-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' வந்த 1968-ல் ஜில் ஜில் ரமாமணியாக வந்த மனோரமாவுக்கோ, சவடால் வைத்தியாக வந்த நாகேஷுக்கோ பரிசு தர நினைத்தாலும் தர இடமில்லை. மனோரமாவுக்கு 1989-ல் 'புதிய பாதை' வரையிலும், நாகேஷுக்கு 1994-ல் 'நம்மவர்' வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது.

புதுச்சேரி வாசகர்: நாகேஷின் நடிப்பில் எது உச்சம்? 'சர்வர் சுந்தரம்' என்பேன் நான்.

விருது வாங்கிய 'நம்மவர்' வந்த அதே 1994-ல்தான் 'மகளிர் மட்டும்' படமும் வந்தது. அதில் அவர் பிணம். வசனம் இல்லை, பார்வை இல்லை, ஒரு விரலசைவு இல்லை. சுமந்துகொண்டு அலைகிறார்கள், தியேட்டர் உருண்டு சிரிக்கிறது. என் ஓட்டு அதற்கே.

பிணமாக நடிப்பதில் எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். முதலில் வயிறு. மார்பை அடக்கினாலும் வயிறு ஏறி இறங்கும். அதனால்தான் பல படங்களில் பிணத்தின் கழுத்துவரை துணி போர்த்திவிடுகிறார்கள். இரண்டாவது, மூடிய இமைக்குள் கருவிழி உருளும். விளக்கு வெளிச்சம் பட்டால் அது துல்லியமாகத் தெரியும். மூன்றாவதுதான் மிகக் கஷ்டம்: உடம்பு சரியும்போது கை தன்னையறியாமல் ஊன்றப் போகும், கழுத்து தலையைத் தாங்கிப் பிடிக்கும். அந்த அனிச்சையைக் கொன்றால்தான் தலை முதலில் தொங்கும், தோள் பின்னால் வரும். வெட்டி வெட்டி எடுத்தால் இதையெல்லாம் மறைக்கலாம். நாலு பேர் தூக்கிக்கொண்டு நடக்கும் அகலக் காட்சியில் மறைக்க முடியாது. மருத்துவப்படி பார்த்தால் சில மணி நேரத்தில் உடம்பு விறைத்துவிட வேண்டும், இப்படித் துவளக் கூடாது. அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் சிரிக்கவைத்ததுதான் நாகேஷ்.

நாகர்கோவில் வாசகர்: வடிவேலு, ரகுவரன்?

இருவருக்கும் தேசிய விருது இல்லை. ரகுவரன் கிட்டத்தட்டக் கிசுகிசுத்தே மிரட்டுவார். அதை நடிப்பு என்று நம்மவர்கள் ஒப்புக்கொள்ளவே நாளாயிற்று. வடிவேலுவுக்கு 'தேவர் மகன்' இசக்கியைப் பாருங்கள். கை போன பிறகு ஆஸ்பத்திரிக் காட்சியில் சிரிப்பும் வயிற்றைப் பிசைவதும் ஒரே வசனத்தில் வரும்.

ஈரோடு வாசகர்: நண்பர்கள் சேர்ந்து சிறு முதலீட்டில் படம் எடுத்திருக்கிறோம். நாயகி பிரமாதமாக நடித்திருக்கிறார். தேசிய விருதுக்கு அனுப்ப என்ன செய்ய வேண்டும்?

விண்ணப்பம் தயாரிப்பாளர் பெயரில் போக வேண்டும். ரசிகரோ நடிகரோ அனுப்ப முடியாது. தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம். ஓடிடியில் நேரடியாக வெளியிட்டாலும் சான்றிதழ் இருந்தால் தடை இல்லை. அப்படி வந்த 'சூரரைப் போற்று' ஐந்து விருதுகள் வாங்கியது. டிசம்பர் கடைசியில் தணிக்கைக்கு நிற்பவர்கள் எந்த வருடக் கணக்கில் விழப்போகிறோம் என்று முன்னாலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நாலு நாள் தள்ளினால் போட்டியாளர்கள் மாறிவிடுவார்கள்.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது ஆங்கில சப்டைட்டிலில். முதலில் மண்டல நடுவர் குழு பார்க்கும். அதில் தமிழ் தெரிந்தவர் இருப்பார். அது தாண்டி மத்தியக் குழுவுக்குப் போனால், உங்கள் நாயகி பேசும் கொங்குத் தமிழ் அங்கே இருக்கும் பலருக்கு வெறும் ஓசை. அவர்கள் படிக்கப்போவது கீழே ஓடும் எழுத்தைத்தான். ஒரு திரைக்கு இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்துக்குள், அதிகபட்சம் ஆறேழு விநாடி. இதைத் தாண்டினால் நடுவர் படித்துக்கொண்டே இருப்பார், நாயகியின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். வசனத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காதீர்கள். முகத்தில் தெரிவதை எழுத்தில் திரும்பச் சொல்லாதீர்கள். அவர் பேசாமல் இருக்கும் இடத்தில் திரையில் எழுத்தும் இல்லாமல் இருக்கட்டும். முந்தின வசனத்தின் எழுத்து மௌனத்தின் மேல் தொங்கிக்கொண்டு நிற்பது மகா பாவம். முடித்ததும், தமிழ் தெரியாத ஒருவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். எங்கே அவர் கண் கீழேயே நிற்கிறதோ அங்கே வெட்டுங்கள்.

தமிழ்நாடு அரசு விருதை நம்பி நாள் குறிக்க வேண்டாம். 2009 முதல் 2014 வரையிலான விருதுகளை 2017-ல் அறிவித்து 2022 செப்டம்பரில்தான் கையில் கொடுத்தார்கள். நாயகி அதற்குள் பாட்டியாக நடிக்கத் தொடங்கியிருப்பார்.

கும்பகோணம் வாசகி: உங்களுக்குப் பிடித்த பாட்டுகள் எவை? விருது வாங்கியவற்றிலும் வாங்காதவற்றிலும் சொல்லுங்கள்.

வாங்கியதில் முதலாவது 'பாடறியேன் படிப்பறியேன்'. சித்ராவின் முதல் தேசிய விருது. நாட்டுப்புற மெட்டாகக் கிளம்பி, தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் போய்ச் சேரும். அந்தக் கீர்த்தனையை வழக்கமாகப் பாடுவது காம்போதி ராகத்தில். இளையராஜா சாரமதியில் அமைத்தார். சாரமதி மேலே ஏறும்போது ஏழு ஸ்வரமும் உண்டு. இறங்கும்போது பஞ்சமமும் (ப) ரிஷபமும் (ரி) கிடையாது: ஸ நி த ம க ஸ. பாட்டில் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அந்த இரண்டு பள்ளத்தையும் காதால் தேடுங்கள். ஏற்றத்தில் கிராமத்துப் பாட்டு, இறக்கத்தில் கச்சேரி. மெட்டு மாறவில்லை, ராகம் ஒன்றுதான் என்பது அப்போது புரியும்.

இரண்டாவது 'நாளை இந்த வேளை பார்த்து'. 1968-ல் 'உயர்ந்த மனிதன்' படத்தில் இதைப் பாடிய பி.சுசீலாதான் பாடகியருக்கான தேசிய விருதை முதலில் வாங்கியவர். வரிகள் வாலி, மெட்டு எம்.எஸ்.விஸ்வநாதன். அந்த மெட்டுக்காரருக்கு வாழ்நாள் முழுக்க இசையமைப்பாளர் தேசிய விருது வரவில்லை, டி.எம்.எஸ்ஸுக்குப் பாடகர் விருதும் இல்லை. இசைக்கான முதல் விருது 1967-ல் 'கந்தன் கருணை'க்காகக் கே.வி.மகாதேவனுக்குப் போனது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிந்தைய எம்.எஸ்.வி. ஆண்டுகளுக்கு என்ன பதில் என்பதுதான் தெரியவில்லை.

வாங்காததில் ஸ்வர்ணலதாவின் 'மாலையில் யாரோ', 'சத்ரியன்' (1990). அவருக்கு விருது தந்தது 'போறாளே பொன்னுத்தாயி', தகும். ஆனால் 'மாலையில் யாரோ' சுத்த தன்யாசி ராகத்தின் ஐந்தே ஸ்வரத்தில் நிற்கிற பாட்டு. ஐந்து ஸ்வரத்தில் பாடும்போது குரலை ஒளித்துக்கொள்ள இடமில்லை. சிறு பிசிறும் வெளியே தெரியும். அவர் ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தையும் நிறுத்திவிடாமல் மெல்லக் கரைத்துவிடுவார். கூடப் பாடிப் பாருங்கள், மூச்சு எங்கே தீர்கிறது என்று தெரியும்.

தூத்துக்குடி வாசகர்: நீங்கள் சொல்லும் பழைய பாட்டுகளை இணையத்தில் கேட்டால் ஒரு பதிவுக்கு ஒரு பதிவு சுருதியே மாறுகிறது. 'ஸ்டீரியோ' என்று போட்டதில் குரல் எங்கோ கிணற்றுக்குள் கேட்கிறது. எதை நம்புவது?

இரண்டும் வேறு வேறு வியாதி. சுருதி மாறுவது டேப்பையோ இசைத்தட்டையோ தப்பான வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்ததால். வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். நாலு நிமிடப் பாட்டு சுமார் 14 விநாடி சுருங்கும். அதனால் முதலில் இரண்டு பதிவுகளின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். நீளம் வேறுபட்டு, வெட்டும் இல்லையென்றால், ஹார்மோனியத்தில் ஆதார ஸட்ஜத்தை, அதாவது பாட்டு நிலைகொள்ளும் 'ஸ'வைத் தேடுங்கள். இரண்டு கட்டைக்கு நடுவில் விழும் பதிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்தக் காலத்து வாத்தியங்களும் சரியாகக் கட்டைக்கு நின்றதில்லை என்பதால் இதையே இறுதித் தீர்ப்பாக வைத்துக்கொள்ள வேண்டாம். பாடகர் குரல் பழக்கமானதென்றால் காதே சொல்லிவிடும்: வேகம் கூடிய பதிவில் டி.எம்.எஸ். பத்து வயது இளைத்துப்போய்க் கேட்பார்.

ஸ்டீரியோ விஷயம். தமிழில் 1978-ன் 'ப்ரியா' பாடல்கள்தான் ஸ்டீரியோப் பதிவுக்கு முன்னோடி. அதற்கு முந்தைய பாட்டை யாராவது ஸ்டீரியோ என்று விற்றால், ஒற்றைப் பதிவை இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் கனத்த ஒலியும் மறுபக்கம் மெல்லிய ஒலியுமாகப் பிரித்திருப்பார்கள். சிலர் ஒரு பக்கத்தை லேசாகத் தாமதப்படுத்துவார்கள். போன் செட்டிங்ஸில் ஆக்ஸஸிபிலிட்டி பகுதியில் 'மோனோ ஆடியோ'வை இயக்கிவிட்டுக் கேளுங்கள். குரல் ஒல்லியாகி உள்ளே போய்விட்டால் அது செயற்கைப் பிளவு, ஒதுக்கிவிடுங்கள். கரகரப்பு இருந்தாலும் பரவாயில்லை, இசைத்தட்டிலிருந்து நேராக எடுத்த மோனோவைத் தேடிப் பிடியுங்கள். கரகரப்பை நீக்கியே தீருவேன் என்று சிலர் மென்பொருளை ஓட்டுகிறார்கள். அது கரகரப்போடு சேர்த்து 'ஸ', 'ச' ஒலிகளின் நுனியையும் தின்றுவிடும். 'நாளை இந்த வேளை' போன்ற பாட்டில் சுசீலாவின் உச்சரிப்பே போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?